254 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் பங்க் கிடையாது

ஆஸ்திரேலியாவில் அடிலெய்டிலிருந்து வடக்கே டார்வினை நோக்கிப் போகும் வழியில் க்ளென்டாம்போ என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஊர் முகப்புப் பலகையில் மக்கள்தொகையை இப்படி எழுதி வைத்திருக்கிறார்கள்: செம்மறி ஆடுகள் 22,500, ஈக்கள் சுமார் 20 லட்சம், மனிதர்கள் 30. பலகையோடு படம் எடுத்துக்கொண்டு, சிரித்துவிட்டு, வண்டியைக் கிளப்புகிறவர்கள் இன்னொரு எண்ணையும் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அடுத்த பெட்ரோல் பங்க் கூபர் பீடி என்ற ஊரில். நடுவில் 254 கிலோமீட்டர். சென்னையில் கிளம்பி ஏறக்குறைய பெரம்பலூர் வரை பங்க் இல்லை, டீக்கடை இல்லை, வீடு இல்லை, பல இடங்களில் செல்போன் சிக்னலும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும் கேம்பர்வேனை வாடகைக்கு எடுத்துக்கொண்டு இந்தச் செம்மண் பாலைக்குள் போய்வருவது ஆஸ்திரேலியர்களுக்குப் பழகிய விடுமுறை. இப்போது சிட்னி, மெல்பர்ன் தமிழ்க் குடும்பங்களும் போகின்றன. ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவையும் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அவுட்பேக் எனப்படும் இந்தப் பாலை நிலம் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது பாம்பும் தேளும். தார்ச்சாலையை விட்டு இறங்காத சுற்றுலாப் பயணிக்கு அவற்றால் வரும் தொந்தரவு மிகக் குறைவு. பயப்பட வேண்டியது தூரத்துக்கு. எரிபொருள், தண்ணீர், தூக்கம், பகலில் எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு நிற்பது என எல்லா முடிவையும் தூரம்தான் எடுக்கிறது. அந்தக் கணக்கு புரிந்துவிட்டால் இது சுலபமான பயணம்.

முதலில் சாலை. தெற்கே போர்ட் அகஸ்டாவில் தொடங்கி வடக்குக் கடற்கரையின் டார்வினில் முடிகிறது ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை. அடிலெய்டிலிருந்து கணக்கிட்டால் மொத்தம் சுமார் 3,000 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து டெல்லியைத் தாண்டிவிடும் தூரம். 1861-62இல் கண்டத்தைத் தெற்கு வடக்காகக் கடந்து திரும்பிய ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட்டின் பெயர் இதற்கு. அவர் கண்டறிந்த வழியை ஒட்டித்தான் தந்திக் கம்பி போட்டார்கள். சார்லஸ் டாட் தலைமையில் நடந்த அந்த வேலை 1872 ஆகஸ்டில் முடிந்தது. சுமார் 36,000 கம்பங்கள். அந்தக் காலத்து மின்சமிக்ஞை ஒரே மூச்சில் அவ்வளவு தூரம் போகாது. ஏறத்தாழ 250, 300 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் வைத்து, அங்கே ஒருவர் உட்கார்ந்து, வந்த செய்தியைக் கேட்டு மறுபடி தட்டி அனுப்ப வேண்டும். நிலையம் இருக்க வேண்டுமானால் பக்கத்தில் தண்ணீர் வேண்டும். இன்று நாம் வண்டியை நிறுத்தி டீசல் போடும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ், பேரோ க்ரீக், டென்னன்ட் க்ரீக் எல்லாம் அந்தத் தந்தி நிலையங்களின் இடங்கள். டார்வினில் கடலுக்குள் இறங்கிய கம்பி ஜாவா, சிங்கப்பூர், பினாங்கு வழியாக நம் சென்னைக்கு வந்து, இந்தியாவைக் குறுக்கே கடந்து லண்டன் போனது. அந்தப் பாலைவனத்துக்கும் சென்னைக்கும் அப்படியொரு பழைய தொடர்பு.

இன்னொரு இந்தியத் தொடர்பும் உண்டு. 1860இல் தொடங்கி, அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஒட்டகங்களும் ஒட்டகக்காரர்களும் இங்கே கப்பலில் வந்தார்கள். தந்திச் சாமான், ரயில் சாமான், ஆட்டு ரோமம் எல்லாம் ஒட்டக முதுகில்தான் போயின. எந்த ஊர்க்காரராக இருந்தாலும் ‘ஆப்கான்’ என்றே அழைத்தார்கள். அடிலெய்டுக்கும் டார்வினுக்கும் இடையே ஓடும் ரயிலின் பெயரான ‘கான்’ அதன் மிச்சம். லாரிகள் வந்த பிறகு அவிழ்த்து விடப்பட்ட ஒட்டகங்கள் பெருகி, இன்று காட்டு மந்தைகளாகத் திரிகின்றன. சாலையோரத்தில் ஒட்டகம் நின்றால் அதற்குச் சொந்தக்காரர் யாரும் இருக்க மாட்டார்.

சாலை முழுவதற்கும் தார் போட்டு முடித்தது 1987இல்தான். இன்று சாதாரண வேன் போதும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி கட்டாயமில்லை. உலுரு பாறைக்கும் கிங்ஸ் கேன்யனுக்கும் பிரிந்து போகும் சாலைகளும் தார்ச்சாலைகள். ஆனால் கிங்ஸ் கேன்யனிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குக் குறுக்கே போகும் மெரீனி வழி மண்சாலை. வரைபடத்தில் கிலோமீட்டர் குறைவாகத் தெரிகிறதே என்று வாடகை வேனை அதில் விடக் கூடாது. அது பழங்குடியினரின் நிலம் வழியே போவதால் அனுமதிச் சீட்டு வேண்டும். மேலும் மண்சாலையில் ஓட்டினால் சாதாரண வேனுக்கான காப்பீடு அநேகமாகச் செல்லாது.

எரிபொருள் கணக்கு

நடுத்தர அளவு கேம்பர்வேன் 100 கிலோமீட்டருக்கு 12, 13 லிட்டர் குடிக்கும். 75 லிட்டர் டேங்க் நிறைந்திருந்தால் 550 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். க்ளென்டாம்போ - கூபர் பீடி தூரத்துக்கு 33 லிட்டர் போதும். ஆகவே பீதியடைய ஒன்றுமில்லை. ஒரே ஒரு பழக்கம் வேண்டும். பாதி டேங்க் இருக்கும்போது பங்க் வந்தால் நிரப்பிவிடுங்கள். ‘அடுத்த ஊரில் விலை குறையும்’ என்று காத்திருக்காதீர்கள். எதிர்க்காற்று அடித்தால் உயரமான வேன் இன்னும் அதிகமாகக் குடிக்கும். அடுத்த பங்கில் மின்வெட்டு இருக்கலாம், இரவு மூடியிருக்கலாம். நகரத்தைவிட லிட்டருக்கு எவ்வளவோ அதிகம் கேட்பார்கள்தான். அந்த டீசல் ஆயிரம் கிலோமீட்டர் லாரியில் வந்திருக்கிறது.

இந்தப் பங்க்குகளுக்கு ரோட்ஹவுஸ் என்று பெயர். பெட்ரோல், சாப்பாடு, குளியலறை, நாலைந்து அறைகள், பின்னால் வேன் நிறுத்த இடம், ஒரு மதுக்கூடம் எல்லாம் ஒரே கூரையின் கீழ். பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள் சில இடங்களில் ‘ஓபல்’ என்ற பெயரைப் பம்ப்பில் பார்க்கலாம். பெட்ரோலை முகர்ந்து போதை ஏற்றிக்கொள்ளும் பழக்கம் சில ஊர்களில் இளைஞர்களைச் சீரழித்ததால், போதை தரும் வாசனைப் பொருள் குறைவாக இருக்கும்படி தயாரித்து 2005 முதல் விற்கும் பெட்ரோல் அது. எஞ்சினுக்குக் கெடுதல் இல்லை, தயங்காமல் போடலாம்.

வேகம் பற்றி ஒரு சொல். தெற்கு ஆஸ்திரேலியப் பகுதியில் 110 கிலோமீட்டர் வரை அனுமதி. எல்லை தாண்டி வடக்கு நிலப்பகுதிக்குள் நுழைந்ததும் பல இடங்களில் 130 என்று பலகை சொல்லும். அது காருக்கு. தலை கனத்த வேனை 90, 100க்கு மேல் விரட்டுவதில் லாபம் இல்லை. டீசல் கரையும், பக்கக் காற்றில் வண்டி ஆடும்.

ரோட் ட்ரெயின் என்ற ராட்சசன்

அவுட்பேக் சாலையில் முதல் முறை ஓட்டுகிறவரை அதிரவைப்பது ரோட் ட்ரெயின். ஒரு எஞ்சின் மூன்று, நான்கு ட்ரெய்லர்களை இழுத்துக்கொண்டு வரும். அதிகபட்ச நீளம் 53.5 மீட்டர், எடை 100 டன்னைத் தாண்டும். நினைத்த இடத்தில் அதனால் நிற்க முடியாது.

எதிரே வரும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தூரத்தில் கானல் நீரின் மேல் ஒரு கரும்புள்ளி மிதக்கிறது. அருகே வந்ததும் அதன் முகப்பு தள்ளிக்கொண்டு வரும் காற்று உங்கள் வேனை இடப்பக்கம் நெட்டும். நீங்கள் ஸ்டியரிங்கைச் சற்று வலப்பக்கம் பிடிக்கிறீர்கள். கடைசி ட்ரெய்லர் கடந்ததும் அந்தத் தள்ளல் திடீரென்று நின்று, காற்று உள்ளே இழுக்கும். வலப்பக்கம் பிடித்திருந்த கை அப்படியே இருந்தால் வண்டி நடுக்கோட்டை நோக்கிப் போகும். அதனால்தான் அனுபவசாலிகள் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, இடது ஓரமாக வந்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைத் தளர விடாமல் நேராகப் பிடித்துக்கொள்கிறார்கள். ஓரத்தில் மண் பரப்பியிருந்தால் கல் தெறித்துக் கண்ணாடி விரியலாம். அதற்கும் மருந்து வேகத்தைக் குறைப்பதுதான்.

முந்துவது இன்னொரு கணக்கு. அது 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, நீங்கள் 120இல் முந்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதன் பின்னால் விட்ட இடைவெளி, அதன் நீளம், முன்னால் விட வேண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்து 150 மீட்டர். உங்கள் கூடுதல் வேகம் நொடிக்கு ஐந்தரை மீட்டர்தான். ஆக 27 நொடிகள் நீங்கள் எதிர்ப்பக்கத் தடத்தில் இருப்பீர்கள். அதற்குள் 900 மீட்டர் ஓடியிருப்பீர்கள். எதிரே ஒரு கார் வந்தால் அதுவும் ஏறக்குறைய அவ்வளவே உங்களை நோக்கி வந்திருக்கும். கண்ணுக்கு எட்டிய வரை இரண்டு கிலோமீட்டராவது வெறுமையாக இருந்தால் மட்டுமே முந்தலாம் என்று அர்த்தம். 110க்கு மேல் போகக் கூடாத தெற்குப் பகுதியில் இந்த நேரம் இரட்டிப்பாகும். என் யோசனை: முந்தாதீர்கள். அடுத்த ஓய்விடத்தில் நின்று ஃபிளாஸ்க்கில் இருக்கும் காபியைக் குடியுங்கள். அந்த லாரி போய்விடும்.

வேனுக்குள் யு.எச்.எஃப். ரேடியோ இருந்தால் 40ஆம் அலைவரிசையில் வையுங்கள். லாரி ஓட்டுநர்கள் பேசுவது அதில்தான். எதிரே வரும் வண்டிக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்துவார். வணக்கம் சொல்கிறார். நீங்களும் ஒரு விரலை உயர்த்துங்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நெருங்கிப் போக்குவரத்து கூடும்போது அந்த வழக்கம் தானாக நின்றுபோகும்.

மாலை ஆனால் சாவியை எடுத்துவிடுங்கள்

பல வாடகை நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் நகர எல்லைக்கு வெளியே சூரியன் மறைந்த பிறகு வேனை ஓட்டக் கூடாது என்று எழுதியிருக்கும். மீறி ஓட்டி இடித்தால் செலவு முழுதும் உங்கள் தலையில். காரணம் கங்காரு. பகல் வெயிலில் நிழலில் படுத்திருக்கும் அது, அந்தி வேளையிலும் விடியற்காலையிலும் மேய வருகிறது. மேய்ச்சலுக்கு நல்ல இடம் எது? சாலையோரம். எப்போதோ பெய்யும் கொஞ்ச மழையும் தாரில் வழிந்து இரண்டு பக்கமும் இறங்குவதால், சுற்றியுள்ள நிலம் காய்ந்து கிடந்தாலும் ஓரத்தில் மட்டும் பச்சை தட்டியிருக்கும். வேலி இல்லாத பண்ணைகளின் மாடுகளும் அங்கே நிற்கும். கறுப்பு மாடு, கறுப்புச் சாலை, இருட்டு.

விலங்கு குறுக்கே வந்துவிட்டால் நேராகப் பிரேக் போடுங்கள், ஸ்டியரிங்கை ஒடிக்காதீர்கள். உயரமான வேன் திருப்பத்தில் கவிழ்ந்தால் வரும் சேதம் கங்காரு இடித்து வரும் சேதத்தைவிடப் பெரிது. பகலிலும் ஒரு எச்சரிக்கை: அடிபட்டுச் செத்த கங்காருவின் மேல் பெரிய கழுகுகள் உட்கார்ந்திருக்கும். வயிறு முட்டத் தின்ற கழுகால் சட்டென்று எழும்ப முடியாது. தத்தித் தத்தி எழும்பி நேரே கண்ணாடி மட்டத்துக்கு வரும். தூரத்திலேயே ஹாரன் அடித்து, மெதுவாகக் கடக்க வேண்டும்.

ஆக, காலை எட்டு மணிக்குக் கிளம்பி மாலை நான்கு மணிக்குள் நிற்பது என்று நாளை அமைத்துக்கொண்டால் 400, 500 கிலோமீட்டர்தான் முடியும். இரண்டு பேர் மாறி மாறி ஓட்டினாலும் அதற்கு மேல் திட்டமிடாதீர்கள். வளைவே இல்லாத சாலை தூக்கத்தைக் கொண்டுவரும்.

வெயில் உங்களை ஏமாற்றும் விதம்

ஆஸ்திரேலியாவில் பதிவான உச்ச வெப்பம் 50.7 டிகிரி செல்சியஸ். 1960 ஜனவரி 2ஆம் தேதி இந்தப் பக்கத்து ஊடனடாட்டாவில் பதிவானது. 2022 ஜனவரியில் மேற்குக் கரையின் ஆன்ஸ்லோ அதைச் சமன் செய்தது. தமிழ்நாட்டு அக்னி நட்சத்திரத்தைப் பார்த்தவர்களுக்கு 42, 43 டிகிரி புதிதல்ல என்று தோன்றும். அங்கேதான் ஏமாற்றம். சென்னையில் வியர்த்தால் சட்டை முதுகோடு ஒட்டும். தாகம் எடுக்கிறது என்று தெரியும். பாலைக் காற்று எலும்பு வரை உலர்ந்தது. வியர்வை தோலுக்கு வந்த நொடியே ஆவியாகிவிடும். சட்டை காய்ந்தே இருக்கும். உடலிலிருந்து மணிக்கு ஒரு லிட்டர் போயிருக்கும். தலைவலியும் எரிச்சலும் வந்த பிறகுதான் உறைக்கும்.

வெயிலில் நடந்தால் மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்கிறது உலுரு தேசியப் பூங்கா. வெறும் தண்ணீராகவே குடித்துக்கொண்டிருந்தால் உப்பு குறையும், ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு. வேனின் தண்ணீர்த் தொட்டியை நம்பிக் குடிநீரை விட்டுவிடாதீர்கள். தொட்டி நீர் பாத்திரம் கழுவ. குடிக்கத் தனியாகக் கேன்களில் ஆளுக்கு 10 லிட்டராவது எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். ஓட்டுநர் இருக்கைக்குக் கைக்கெட்டும் இடத்தில் ஒரு கேன், பின்னால் ஒன்று. கவிழ்ந்த வண்டியில் ஒரு பக்கக் கதவு திறக்காமல் போகலாம்.

வண்டி நின்றுபோனால்? இதை மட்டும் கல்லில் செதுக்கியதுபோல் நினைவில் வையுங்கள். வண்டியை விட்டு நடக்காதீர்கள். வேன் நிழல் தரும், தண்ணீர் அதில் இருக்கிறது, வானிலிருந்தும் சாலையிலிருந்தும் கண்ணில் படும். ‘பத்து கிலோமீட்டரில் ஒரு பண்ணை வீடு பார்த்தோமே’ என்று நடந்து போகிறவர் தெரிய மாட்டார். ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் பகலில் வண்டிகள் வந்துகொண்டே இருக்கும். பானட்டைத் திறந்து வைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்தால் யாராவது கட்டாயம் நிற்பார்கள். கிளைச் சாலைகளில் போகிறவர்கள் செயற்கைக்கோளுக்குச் சமிக்ஞை அனுப்பும் சிறு அவசரக் கருவியை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். அவசர எண் 000. சிக்னல் உள்ள ஊர்களில் போய்ச் சேர்ந்ததும் ஒருவருக்கு ‘வந்துவிட்டோம், நாளை இன்ன ஊர்’ என்று செய்தி அனுப்பும் வழக்கம் இருக்கட்டும்.

நெடுஞ்சாலையின் சில இடங்களில் தாரின் மேல் விமான ஓடுதளக் கோடுகள் வரைந்திருப்பதைப் பார்க்கலாம். 1928இல் ஜான் ஃப்ளின் என்ற பாதிரியார் தொடங்கிய பறக்கும் மருத்துவர் சேவையின் விமானம், விபத்து நேர்ந்தால் சாலையை மறித்து அங்கே இறங்கும்.

வீடு மாதிரி, ஆனால் வீடல்ல

வேன் எப்படி வேலை செய்கிறது என்று எடுக்கும் நாளிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எஞ்சினுக்கு ஒரு பேட்டரி, வீட்டுப் பகுதிக்கு இன்னொரு பேட்டரி. இரண்டாவது பேட்டரி வண்டி ஓடும்போது நிரம்பும். விளக்கு, குளிர்பதனப் பெட்டி, தண்ணீர்ப் பம்ப் அதில் ஓடும். அசையாமல் நின்றால் ஓரிரு இரவு தாங்கும். வெப்பம் அதிகமாக இருந்தால் குளிர்பதனப் பெட்டி ஓயாமல் ஓடி இன்னும் சீக்கிரம் வற்றும். அடுப்புக்குச் சிறு எல்.பி.ஜி. சிலிண்டர்.

பலரும் கேட்க மறப்பது ஏ.சி.யைப் பற்றி. ஓட்டும்போது முன்பக்கம் வரும் ஏ.சி. எஞ்சினிலிருந்து வருகிறது. படுக்கும் பகுதியின் ஏ.சி. பெரும்பாலான வேன்களில் கேரவன் பார்க்கில் நிறுத்தி, 240 வோல்ட் மின்கம்பியைச் செருகினால்தான் ஓடும். இரவில் காசு கொடுக்காமல் நெடுஞ்சாலை ஓய்விடத்திலும் தங்க வேண்டும், ஏ.சி.யும் ஓட வேண்டும் என்றால் நடக்காது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை கதைதான். வடக்கு நிலப்பகுதியின் பல ஓய்விடங்களில் 24 மணி நேரம் வரை இலவசமாகத் தங்கலாம். நட்சத்திரம் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்கக்கூடிய மாதத்தில் மட்டும் அது சுகம்.

காலையில் கிளம்பும் முன் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடங்கள். மின்கம்பி செருகியபடி இருக்கிறதா, கூரை ஜன்னல் திறந்திருக்கிறதா, படிக்கட்டு மடக்கியாயிற்றா, எரிவாயு மூடியாயிற்றா, அலமாரித் தாழ்கள் விழுந்திருக்கின்றனவா. சாம்பார் மிச்சம் இருந்த பாத்திரத்தை அடுப்பின் மேலேயே விட்டுவிட்டு முதல் திருப்பத்தில் திரும்பினால், மீதிப் பயணம் முழுக்க வேனுக்குள் பெருங்காய வாசனை. டயர் காற்றையும் காலையில் சூடேறும் முன் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடித்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கினால் ஆபத்து.

அரிசி, பருப்பு, மசாலா எல்லாம் அடிலெய்டிலேயே வாங்கிவிடுங்கள். வழியில் கிடைப்பது பர்கரும் உருளைக்கிழங்கு வறுவலும்தான். வடக்கிலிருந்து தெற்கே வருகிறவர்கள் பழங்களைத் தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் கொண்டுவர முடியாது. பழ ஈ பரவாமலிருக்கக் கடுமையான தடை, அபராதமும் உண்டு.

எங்கே நிற்கலாம்

கூபர் பீடியில் ஒரு நாள் நில்லுங்கள். 1915இல் தந்தையோடு தங்கம் தேடி வந்த 14 வயதுப் பையன் வில்லி ஹட்சிசன் கையில் ஓபல் கல் கிடைக்க, உருவான ஊர். வெயிலுக்குப் பயந்து மக்கள் பாறையைக் குடைந்து உள்ளே வீடு கட்டிக்கொண்டார்கள். வெளியே 45 டிகிரி அடித்தாலும் உள்ளே 25ஐ ஒட்டியே இருக்கும். பாறை வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்துவதால் கோடைச் சூடு உள்ளே வந்து சேர்வதற்குள் குளிர்காலம் வந்துவிடுகிறது. தேவாலயம், விடுதி எல்லாம் நிலத்தடியில் உண்டு. ஊரைச் சுற்றி மூடாத சுரங்கக் குழிகள் ஏராளம். படம் எடுப்பவர்கள் பின்னால் நகராதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள். அது வேடிக்கைப் பலகை அல்ல.

அங்கிருந்து மார்லா, குல்கெரா தாண்டி எர்ல்டண்டாவில் இடப்பக்கம் திரும்பி சுமார் 250 கிலோமீட்டர் போனால் உலுரு. போகும் வழியில் இடப்புறம் தட்டையான உச்சியோடு ஒரு மலை தெரியும். அது மவுன்ட் கானர். அதைப் பார்த்து ‘வந்துவிட்டோம்’ என்று இறங்கிப் படம் எடுப்பவர்கள் ஏராளம். உலுரு 348 மீட்டர் உயரம். சுற்றி வர 10 கிலோமீட்டர் நடக்க வேண்டும். இரும்புச் சத்துள்ள மணற்பாறை. அந்த இரும்பு துருப்பிடித்ததால் வந்த சிவப்பு. உள்ளே சாம்பல் நிறம்தான். அந்த நிலத்தின் பழங்குடியினரான அனாங்கு மக்களுக்கு அது புனித இடம். 1985 அக்டோபர் 26 அன்று நிலம் அவர்களிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. 34 ஆண்டுகள் கழித்து அதே தேதியில் பாறைமேல் ஏறுவது தடை செய்யப்பட்டது. சில பகுதிகளைப் படம் எடுக்க வேண்டாம் என்று பலகையில் கேட்டுக்கொள்கிறார்கள். எடுக்காதீர்கள். பூங்காவுக்குள் வேனில் தங்க முடியாது. பக்கத்து யுலாராவில் ஒரே முகாம்தான் இருக்கிறது. குளிர்காலத்தில் அது சீக்கிரம் நிரம்பிவிடும்.

பக்கத்துக் காட்டா ஜூடா பாறைக் குன்றுகளில் வானிலை முன்னறிவிப்பு 36 டிகிரியைத் தொட்டால் நீண்ட நடைபாதையைக் காலை 11 மணிக்கு மூடிவிடுவார்கள். கிங்ஸ் கேன்யன் விளிம்பு நடைக்கும் அதே 36 டிகிரிதான் எல்லை. அந்த நாட்களில் காலை 9 மணிக்குள் ஏறத் தொடங்கிவிட வேண்டும்.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடக்கே கார்லு கார்லு உருண்டைப் பாறைகள், மடராங்காவின் வெந்நீர் ஊற்று என்று இடங்கள் உண்டு. ஆனால் பத்து நாள்தான் விடுமுறை என்றால் அடிலெய்டில் வேனை எடுத்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் விட்டுவிட்டு விமானம் ஏறுங்கள். டார்வின் வரை ஓட்டியே தீருவேன் என்று பிடிவாதம் பிடித்தால் பாறையையும் பார்க்க மாட்டீர்கள், தூங்கவும் மாட்டீர்கள். வடக்கே போகிறவர்கள், கேத்தரினுக்கு அப்பால் பலகை அனுமதிக்காத எந்த நீரிலும் காலை வைக்காதீர்கள். முதலை.

எந்த மாதம்?

மே முதல் செப்டம்பர் வரை. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ஜூலைப் பகல் சராசரி 20 டிகிரி. இரவு 4 டிகிரிக்கு இறங்கும், பல இரவுகளில் உறைநிலைக்கும் கீழே போகும். வறண்ட, மேகமில்லாத வானம் பகல் சூட்டைப் பிடித்துவைக்காது. கம்பளி எடுத்துப் போங்கள். கண், மூக்கு, உதட்டின் ஈரத்துக்காக முகத்தில் மொய்க்கும் ஈக்களும் குளிர்ந்த மாதங்களில் குறைவு. மற்ற மாதங்களில் தலையில் போடும் வலை ஒன்றை ரோட்ஹவுஸில் வாங்கிக்கொள்ளலாம். ஜனவரியில் பகல் சராசரியே 36. கோடை மழையும் வரும். 2022 ஜனவரியில் வெள்ளம் இதே நெடுஞ்சாலையைத் தெற்குப் பகுதியில் துண்டித்து, ரயில் பாதையையும் அரித்தது. எந்த மாதமானாலும் கிளம்பும் நாள் காலையில் தெற்கு ஆஸ்திரேலியா, வடக்கு நிலப்பகுதி இரண்டின் அரசுகளும் வெளியிடும் சாலை நிலவர அறிவிப்பையும் பார்த்துவிடுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இதில் ஒரு வசதி. அங்கும் வண்டி இடப்பக்கம்தான் ஓடுகிறது. ஆங்கிலத்தில் அச்சான ஓட்டுநர் உரிமம் இருந்தால் சுற்றுலாப் பயணி ஓட்டலாம், 4.5 டன் வரையிலான வேனுக்குக் கார் உரிமமே போதும். நம் பள்ளி விடுமுறை மே மாதம். அங்கே அப்போது பகலில் 23 டிகிரி. ஆஸ்திரேலியாவிலேயே இருக்கும் குடும்பங்களுக்குத்தான் சிக்கல், ஏனென்றால் அவர்களின் நீண்ட விடுமுறை டிசம்பர் - ஜனவரியில் வருகிறது. ஜூலையில் இரண்டு வாரம் பள்ளி விடுமுறை உண்டு. யுலாராவில் இடமும் வேனும் அதற்குப் பல மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். டிசம்பரில்தான் லீவு கிடைக்கும் என்றால் அந்த வேனை டாஸ்மேனியாவில் எடுத்து ஓட்டுங்கள். குழந்தைகளையும் வயதானவர்களையும் ஏற்றிக்கொண்டு ஜனவரியில் கூபர் பீடிக்கு வடக்கே போகாதீர்கள்.